நமசிவாயவா, சிவாயநமவா? ஐந்தெழுத்தில் ‘ய’ நிற்கும் இடம்

“எங்கள் பாட்டி எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ‘நமசிவாய’ என்பார். கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர், ‘அது உலகப் பயன் கேட்பவர்களுக்கு, வீடுபேறு வேண்டுமென்றால் சிவாயநம என்று சொல்’ என்கிறார். இன்னொருவர், தீட்சை இல்லாமல் இரண்டையுமே சொல்லக் கூடாது என்கிறார். இந்தப் பெயருக்குப் பொருள்தான் என்ன? அதை வைத்துத் தியானம் செய்வது எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாட்டியைக் காப்பாற்றிவிடுகிறேன். அவர் தவறாக எதையும் சொல்லவில்லை. பெரியவர் சொன்னதும் அவராகக் கட்டிய கதை அல்ல, சைவ சித்தாந்த மரபில் அப்படி ஒரு பாகுபாடு உண்டு. ஆனால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டால் நாயன்மார்களையே திருத்த வேண்டி வரும். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெயருக்கு இரண்டு வகைப் பொருள் இருக்கிறது. ஒன்று சொல்லின் பொருள், மற்றது எழுத்தின் பொருள். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

சொல்லின் பொருள் எளிது. ‘நமஃ’ என்றால் வணக்கம். ‘சிவாய’ என்றால் சிவனுக்கு. சிவனுக்கு வணக்கம், அவ்வளவுதான். இந்தத் தொடர் கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதையில், ஸ்ரீருத்ரம் என்று நாம் சொல்லும் பகுதியின் எட்டாவது அநுவாகத்தில், அதாவது உட்பிரிவில், வருகிறது: “நமஃ சிவாய ச சிவதராய ச”. மங்கலமானவனுக்கும், அதைவிட மங்கலமானவனுக்கும் வணக்கம் என்று பொருள். ‘சிவ’ என்பது அங்கே தனிப்பெயர் என்பதைவிடப் பண்பைச் சொல்லும் சொல்லாகவே நிற்கிறது. இடியும் நோயும் தருகிற உக்கிரமான ருத்திரனைப் பார்த்து, நீ மங்கலமானவன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பண்பு பெயராகிவிட்டது.

வேதத்தின் நட்ட நடுவில் இந்த மந்திரம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். சங்கிதையின் ஏழு காண்டங்களில் இது நான்காவது. அதுவரை கணக்கு சரி. அதற்கு மேல் விரல்விட்டு எண்ணினால், அந்தக் காண்டத்தின் பகுதிகளான ஏழு பிரச்னங்களில் ஐந்தாவது, பதினோரு அநுவாகங்களில் எட்டாவது என்று கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. எனக்கு அந்த நடுக்கணக்கைவிட முக்கியமாகப் படுவது சுற்றியிருக்கும் கூட்டம். அதே ருத்ரம் மரத்துக்கு வணங்குகிறது, தச்சருக்கும் குயவருக்கும் வணங்குகிறது, திருடர்களின் தலைவனாக நிற்பவனுக்கும் வணங்குகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் இந்தப் பெயர் கிடைத்தது.

எழுதும்போது ‘நமச்சிவாய’ என்று ஏன் ஒரு ‘ச்’ வருகிறது என்றும் பலர் கேட்பார்கள். ‘நமஃ’ என்பதன் கடைசி ஒலி, அடுத்து வரும் ‘சி’யோடு சேரும்போது ‘ச்’ ஆகிறது. தேவாரத்தில் வருவது அந்தப் புணர்ந்த வடிவம். மெய்யெழுத்தைத் தனியாக எண்ணுவதில்லை, ஆகையால் ஐந்து ஆறாகிவிடாது. ஓதுவார்கள் அழுத்தமாக ‘நமச்சிவாய’ என்பதே சரியான ஒலிதான். ஒலிபெருக்கிப் பாட்டைக் கேட்டு ‘நமஷிவாய’ என்று நாக்கை மடித்துச் சொன்னால்தான் வடமொழி உச்சரிப்பு என்று நினைப்பது வீண். அங்கே இருப்பது ‘ஷ’ அல்ல.

தமிழில் இந்தப் பெயரோடு இன்னொரு சாயலும் ஒட்டிக்கொண்டது. சிவத்தல் என்றால் நமக்குச் செம்மை. அப்பர் “சிவன் எனும் நாமம் தனக்கே உடைய செம்மேனி எம்மான்” என்று பாடும்போது மங்கலமும் சிவப்பும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. வேர்ச்சொல் வடமொழியா தமிழா என்ற சண்டையை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஜபம் செய்கிறவருக்கு இரண்டு சாயலும் உதவும்.

இனி எழுத்தின் பொருள். இது இலக்கணம் அல்ல. ஐந்து எழுத்தை ஐந்து கொக்கிகளாக வைத்து, மனம் எதை எதை நினைக்க வேண்டுமோ அதையெல்லாம் அவற்றில் மாட்டிவைப்பது. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார், உண்மை விளக்கம் என்ற சிறு நூலில், “சிவன் அருள் ஆவி திரோதம் மலம் ஐந்தும் அவன் எழுத்து அஞ்சின் அடைவாம்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். சி என்பது சிவன். வா என்பது அவன் அருள். ய என்பது உயிர், அதாவது நீங்களும் நானும். ந என்பது திரோதம், மறைக்கும் ஆற்றல். ம என்பது மலம், உயிரோடு ஒட்டியிருக்கும் அழுக்கு.

இதில் ‘ந’ ஒன்றைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மறைப்பு என்றதும் அது ஏதோ எதிரி என்று நினைக்கிறோம். திரோதமும் சிவனுடைய சக்திதான். பிள்ளைக்குத் தெரியாமல் அம்மா கஞ்சியில் மருந்தைக் கலப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் தன் வினையை அனுபவித்துத் தீர்க்க வேண்டும், மலம் பழுத்து உதிர வேண்டும். அதுவரை அருள் தன் முகத்தைக் காட்டாமல் உலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு, பக்கத்து வீட்டோடு வழக்கு என்று நாம் ஓடுவதெல்லாம் ‘ந’வின் வேலை. அது முடிந்ததும் அதே சக்தி ‘வா’ ஆகிறது. ஐந்தில் வேண்டாதது என்று சொல்லத்தக்கது ‘ம’ ஒன்றுதான்.

ஐந்தெழுத்தை நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்று ஐம்பூதங்களோடு பொருத்துவதும் உண்டு. ‘ந மம’, எனதன்று, என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. ‘நமஃ’ வந்தது வணங்குதல் என்ற வேரிலிருந்து, எனவே அந்தப் பிரிப்பு இலக்கணத்துக்கு ஒத்துவராது. ஆனாலும் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க நல்ல நினைப்புதான். இந்த எழுத்துக்கு இத்தனை ஹெர்ட்ஸ் அதிர்வு, அதனால் இந்த உறுப்பு குணமாகும் என்று கைபேசியில் சுற்றும் படங்களை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சரி, இப்போது எழுத்துகளின் வரிசையைப் பாருங்கள். ‘நமசிவாய’வில் மறைப்பும் மலமும் முன்னால் நிற்கின்றன, உயிர் கடைசியில் நிற்கிறது. உலகத்தில் நாம் இருக்கும் நிலை அதுதான், ஆகவே இதைத் தூல பஞ்சாட்சரம், பருநிலை ஐந்தெழுத்து, என்றார்கள். ‘சிவாயநம’வில் சிவனும் அருளும் முன்னே வந்துவிடுகிறார்கள், உயிர் நடுவில் வந்து நிற்கிறது. இது சூக்கும பஞ்சாட்சரம், நுண்நிலை ஐந்தெழுத்து. உங்கள் பெரியவர் சொன்ன பாகுபாடு இங்கிருந்து வருவது. உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற சித்தாந்த நூலில் இந்த ஐந்தெழுத்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதில் ஒரு குறள்:

“ஊன நடனம் ஒருபால் ஒருபாலா
ஞானநடம் தான்நடுவே நாடு.”

ஒரு பக்கம் ‘நம’ ஆடுகிறது, மறுபக்கம் ‘சிவா’ ஆடுகிறது. நடுவில் ‘ய’. இரண்டு ஆட்டமும் ஒருவனுடைய ஆட்டம்தான். நடுவில் நிற்பவர் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை ஐந்தெழுத்துத் தியானம் முழுவதும் இந்த ஒரு கழுத்துத் திருப்பலில் அடங்கிவிடுகிறது.

சாத்திரத்தில் இல்லாத என் சொந்தக் கவனிப்பு ஒன்றையும் சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ‘சிவாய’ என்பதில் ‘ய’ என்ன? அகரத்தில் முடியும் ஆண்பாற் சொல்லுக்கு நான்காம் வேற்றுமை உருபு ‘ய’ என்பது பாணினி விதி. தமிழில் சொன்னால் ‘சிவனுக்கு’ என்பதிலுள்ள ‘கு’. சித்தாந்திகள் உயிருக்கு ஒதுக்கிய எழுத்து இலக்கணத்திலும் உருபாகத்தான் நிற்கிறது. தனியாக எடுத்தால் ‘கு’வுக்கு ஏது பொருள்? எதையாவது சார்ந்தால்தான் அதற்கு வாழ்வு. பணத்துக்கு, பேருக்கு, பிள்ளைக்கு, சிவனுக்கு. சார்ந்ததன் வண்ணமாதல் என்று உயிரின் இயல்பைப் பற்றிச் சித்தாந்தம் பக்கம் பக்கமாகச் சொல்வது, எனக்கு இந்த ஓர் உருபில்தான் முதலில் பிடிபட்டது.

இப்போது நாயன்மார்களிடம் வருவோம். நமசிவாய என்பது உலகப் பயனுக்கு மட்டும் என்றால் இவர்களை என்ன செய்வது? சம்பந்தர் தம் திருமணத்தன்று நல்லூர்ப்பெருமணத்தில், இன்றைய ஆச்சாள்புரத்தில், சோதியில் கலக்கும் நேரத்தில் பாடியது “காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி”. அதன் கடைசிப் பாட்டைத் தவிர மற்ற ஒவ்வொரு பாட்டும் நமச்சிவாயவே என்றே முடியும். வீடுபேற்றின் வாசலில் நின்றுகொண்டு ஒருவர் சொன்ன வடிவம் அது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது “நற்றுணையாவது நமச்சிவாயவே” என்றார், கல் தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார். கடலூர் அருகே கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் ஊர்ப்பெயரே இருக்கிறது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தை “நமச்சிவாய வாஅழ்க” என்று தொடங்குகிறார். வேறோரிடத்தில் “நானேயோ தவம் செய்தேன் சிவாயநம எனப் பெற்றேன்” என்று நெகிழ்கிறார். இரண்டும் ஒரே வாயில் வந்தவைதான்.

எனவே வரிசை என்பது சொல்கிறவரின் கவனத்தைப் பற்றிய பாடம். கடவுளிடம் கொடுக்கும் விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியை நிரப்புவது என்ற விதி அல்ல. உங்கள் வாய்க்கு எது இயல்பாக வருகிறதோ அதில் தொடங்குங்கள். சில காலம் போனபின் மற்றதையும் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தானே தெரியும்.

தீட்சைக்கு வருகிறேன். ஆகம வழியில் நிற்பவர்களுக்கு ஐந்தெழுத்து ஆசாரியன் வாயிலாக, சமய தீட்சையில் தொடங்கி முறையாகக் கிடைப்பது. அவர்களுக்கு எண்ணிக்கை, மந்திரத்தை உடலிலும் கைவிரல்களிலும் பதிக்கும் அங்க நியாசம், கர நியாசம், வேளை எல்லாம் உண்டு. அது ஒரு நல்ல ஒழுங்கு. வாய்ப்பு இருந்தால் ஒரு மடத்திலோ தகுந்த குருவிடமோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பெறாதவர் பெயரைச் சொல்லவே கூடாது என்பதற்குத் திருமுறை இடம் தரவில்லை. மேலே சொன்ன அதே சம்பந்தர் பதிகத்தில் “கொல்வாரேனும் குணம் பல நன்மைகள் இல்லாரேனும் இயம்புவராயிடின் எல்லாத் தீங்கையும் நீங்குவர்” என்று வருகிறது. கொலைகாரருக்கே திறந்துவைத்த கதவை உங்கள் முன் யார் சாத்துவது? சங்கடமாகவே இருந்தால் திருமுறையாகப் பாடுங்கள், அல்லது ‘சிவசிவ’ என்று சொல்லுங்கள். அதற்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஓம் சேர்த்தால் ஆறெழுத்து ஆகும். வீரசைவர்கள் அதைச் சடாட்சரம் என்று போற்றுகிறார்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் பெற்ற உபதேசப்படி.

இனிச் செய்முறை. வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துக்குள் சொல்வது என்று மூன்று படி. நூல்கள் மனத்தால் சொல்வதையே உயர்த்திப் பேசும். அதைப் படித்துவிட்டுப் பலர் நேராக மூன்றாவது படியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் மளிகைக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். எனக்குத் திருமுறை சொல்லிக்கொடுத்த ஓதுவார் ஐயா, “முதலில் உன் காதுக்குக் கேட்கட்டும். காது நம்பிய பிறகு மனசு நம்பும்” என்பார். நானும் முதல் இரண்டு வருடம் வாய்விட்டேதான் சொன்னேன்.

108 மணி கொண்ட உருத்திராக்க மாலை வழக்கம். 54, 27 மணிகளும் உண்டு. நாயக மணியைத் தாண்டாமல் திரும்பிவிட வேண்டும். மாலை இல்லையென்றால் விரல்கணு போதும். காலையும் மாலையும் ஒரே இடம், ஒரே வேளை என்று வைத்துக்கொண்டால் உடம்பே ஞாபகப்படுத்தும். ஒரே நாளில் ஆயிரத்தெட்டு சொல்லிவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுவதைவிடத் தினமும் ஒரு சுற்று மேல்.

மூச்சோடு சேர்த்தும் சொல்லலாம். உள்ளே போகும்போது ‘சிவா’, வெளியே வரும்போது ‘யநம’. அடக்கிப் பிடித்து நிறுத்துவதெல்லாம் வேண்டாம், மூச்சு தன் போக்கில் போகட்டும், பெயர் அதன்மேல் ஏறிக்கொள்ளட்டும். ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது மரபுக் கணக்கு, அதாவது நிமிடத்துக்குப் பதினைந்து. சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையின் ஓடுகளும் அதே 21,600 என்று சொல்வார்கள். கூரைக்குக் கீழே ஆடுகிறவன் யார், மேலே எண்ணப்படும் மூச்சு யாருடையது என்று யோசித்தால் கட்டியவரின் குறும்பு புரியும்.

சிதம்பரம் வந்துவிட்டதால் எனக்கு மிகவும் பிடித்த தியானத்தையும் சொல்லிவிடுகிறேன். நடராசர் படமோ செப்புச் சிலையோ ஒன்று எதிரே இருக்கட்டும். உண்மை விளக்கம் அந்த உருவத்திலேயே ஐந்தெழுத்தைப் பொருத்திக் காட்டுகிறது. உடுக்கை பிடித்த கை ‘சி’. குறுக்கே வீசிய கை ‘வா’. அபயம் காட்டும் கை ‘ய’. நெருப்பு ஏந்திய கை ‘ந’. காலடியில் முயலகன் ‘ம’. ஒவ்வொரு எழுத்தைச் சொல்லும்போதும் கண் அந்தந்த இடத்துக்குப் போகட்டும். அவசரமே வேண்டாம், ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் ஆனாலும் சரி. நாலைந்து நாளில் கண்ணை மூடினாலும் உருவம் நிற்கும். அப்போது கவனியுங்கள். உயிருக்கு உரிய எழுத்தை வைத்திருக்கும் இடம் ‘அஞ்சாதே’ என்னும் கை. ‘ய’ என்று சொல்லும்போது, நான் இருப்பது இந்தக் கைக்குள் என்ற நினைவு ஒரு கணம் வந்தால் அன்றைய ஜபம் நடந்துவிட்டது. நேரில் சிதம்பரம் போனால் சிற்சபைக்கு ஏறும் வெள்ளிப் படிகளையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து. பஞ்சாட்சரப் படி என்றே பெயர்.

பொருள் தெரியாமல் சொன்னால் பலன் உண்டா என்பது அடுத்து வரும் கேள்வி. சிவபுராணம் “சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்” என்றுதான் முடிகிறது. சம்பந்தரோ இயம்பினாலே போதும் என்கிறார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். சுந்தரர்தான் வழி காட்டினார். காவிரிக் கரையில் கொடுமுடியில் அவர் பாடியது, “உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே”. மனம் மறக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மறந்த நேரத்திலும் நாக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி பழக்கிவைத்திருக்கிறார். பொருள் உணர்வது தினமும் ஒரே அளவில் வராது. வராத நாட்களுக்கு நாக்கு. சம்பந்தரும் சீகாழியில் தம் உபநயனத்தின்போது “துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்” நினையுங்கள் என்றார். தூங்கும்போது நினைப்பது எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இந்தப் பழக்கம்தான்.

மனம் ஓடினால் கடிந்துகொள்ளாதீர்கள். விட்ட இடத்தைத் தேடாமல் அடுத்த எழுத்தைச் சொல்லுங்கள். முன்பு காட்டிய “சிவன் எனும் நாமம்” பாட்டை அப்பர் எப்படி முடிக்கிறார் தெரியுமா? பெயரைப் பிடித்துக்கொண்டு பல நாள் கூப்பிட்டுத் திரிந்தால், “இவன் எனைப் பன்னாள் அழைப்பு ஒழியான் என்று எதிர்ப்படுமே” என்கிறார். இவன் கூப்பிடுவதை விடமாட்டான் போலிருக்கிறதே என்று அவனே எதிரில் வந்து நிற்பானாம். கடன் கொடுத்தவனைப் போல வாசலில் உட்கார்ந்துவிடச் சொல்கிறார் அப்பர்.

நாள் போகப் போகச் சொல் தானாகச் சுருங்குவதையும் மரபு பெயரிட்டு வைத்திருக்கிறது. ‘சிவாயநம’ பிறகு ‘சிவாயசிவ’ ஆகும். ‘நம’ உதிர்ந்து, உயிரின் இருபக்கமும் சிவமே நிற்கும். அதன்பின் ‘சிவசிவ’, இதற்குக் காரண பஞ்சாட்சரம் என்று பெயர். அங்கே ‘ய’கூடத் தனியாகத் தெரிவதில்லை. இதை முயன்று செய்ய வேண்டியதில்லை, முயன்றால் கெட்டுவிடும்.

எங்கள் ஆத்தா எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘நமசிவாயா’ என்பாள். வேலையெல்லாம் முடிந்து திண்ணையில் சாயும்போது ‘சிவசிவா’ என்பாள். தூல பஞ்சாட்சரம், காரண பஞ்சாட்சரம் என்ற பெயர்களை அவள் கேள்விப்பட்டதே இல்லை. யாராவது வம்புக்கு இழுத்தால், “நான் சிவனேன்னு கிடக்கேன், என்னை விடு” என்பாள். உங்கள் பாட்டி எதை எப்போது சொல்கிறார் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.